மாமனார் இறங்காத சுரங்கம்

இனிமேல் ஏணியில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். எடுத்த இடம், ஆவடியில் நான் வேலை பார்க்கும் ஃபாக்டரியின் சைக்கிள் ஸ்டாண்ட். வருஷம் எண்பத்தாறு. சாட்சி, என் ஷிஃப்டில் இருக்கும் கன்னியப்பன்.

ஏணியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மொட்டை மாடி உண்டு, படி கிடையாது. மாடியில் ஆன்டெனா கம்பம். வருஷா வருஷம் டிசம்பர் ஒன்றாம் தேதி அந்தக் கம்பத்தில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டியாக வேண்டும். அதுவும் எதிர் வீட்டு சகாயமேரியின் ஸ்டார் ஏறுவதற்கு முன்னால். பதினோரு அடி ஏணி. நான் டாங்க் ஃபாக்டரி ஸ்டோர்ஸில் இருப்பவன். நான் எடுத்துக் கொடுக்கிற நட்டு இல்லாமல் ஒரு டாங்க் எல்லைக்குப் போய்விடுமா? எதிரி நாடே நடுங்கும். ஆனால் ஏணியில் மூன்றாவது படி வந்ததும் நடுங்குவது எதிரி இல்லை, இக்னேஷியஸ் ஆகிய நான்தான்.

நடுங்கினால் என் மனைவி ஞானகுமாரி சும்மா இருப்பாளா?

"எங்கப்பா தங்கச் சுரங்கத்துல எட்டாயிரம் அடி இறங்கினவரு. உங்களுக்குப் பதினோரு அடி ஏற உதறுது."

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். குழம்பில் உப்பு அதிகம் என்று நான் ஆரம்பித்த சண்டைகூட எட்டாயிரம் அடியில் போய்த்தான் முடியும். மாமனார் சூசைமாணிக்கம் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இருந்தும் என் வீட்டில் அவர் தினமும் இறங்கிக்கொண்டிருந்தார்.

அன்று சைக்கிள் ஸ்டாண்டில் இதைச் சொல்லி நான் புலம்பியபோதுதான் கன்னியப்பன் வாயைத் திறந்தான்.

"அண்ணாத்தே, உன் மாமனாரு பேரு இன்னா, சூசைமாணிக்கமா?"

"ஆமா."

"கே.ஜி.எஃப். தான?"

"ஆமா. எட்டாயிரம் அடி."

"இன்னாத்த எட்டாயிரம்? எங்க மாமன் அங்கதான் வேலை செஞ்சிகினு இருந்தாரு. அந்தாளு லாம்ப் ரூம்பாம். மேலயே குந்திகினு, கீழ போறவனுக்கு லைட்டு எட்த்து குடுக்கிற வேலை. ஆள எறக்குற கூண்டப் பாத்தாலே பேதியாவுமாம்."

அவனுக்கு டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்து, இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். பேதி என்ற இடம் வந்ததும் மூன்றாவது வடை வாங்கினேன்.

சைக்கிளை மிதித்த வேகத்தில் வீடு வந்தேன். ஞானம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஞானம், நாம கே.ஜி.எஃப். போறோம்."

முறம் நிற்கவில்லை. மாமனார் போனதிலிருந்து ஒன்பது வருஷமாக அவள் கேட்கிறாள், ஒரு நாள் ஊருக்குக் கூட்டிப் போங்கள் என்று. நானும் ஒன்பது வருஷமாக லீவு இல்லை, இடுப்பு வலி, அடுத்த வருஷம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிவந்திருக்கிறேன்.

"இப்ப எதுக்குங்க?" என்றாள்.

"உங்கப்பா சுரங்கத்துல இறங்கினாரா இல்லையான்னு விசாரிக்க. அவரு லாம்ப் ரூமாமே."

இப்போது முறம் நின்றது. பதினாலு வருஷத்தில் என் பேச்சுக்கு அது நின்ற முதல் தடவை. நான் சுவரில் சாய்ந்து அதை ரசித்தேன்.

"போலாம். ஆனா இப்ப வேணாங்க. பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

"வர்ற ஞாயித்துக்கிழமை."

"அன்னிக்கு ரெண்டாந்தேதி. ரெண்டாந்தேதி மட்டும் வேணவே வேணாம். எனக்கு ஆயிரம் வேலை இருக்கு."

அவள் பயந்துவிட்டாள் என்று புரிந்தது. பயந்தவளுக்கு அவகாசம் கொடுக்கலாமா?

"ரெண்டாந்தேதிதான். இந்த வீட்டுல ஒரு தடவையாவது நான் சொல்றது நடக்கணும்."

"உங்க இஷ்டம்," என்று பெருமூச்சு விட்டாள். "விசாரிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"உங்கப்பா இறங்கலைன்னு தெரிஞ்சா, அதோட நான் ஏணியைத் தொட மாட்டேன். செத்தாலும் தொட மாட்டேன்."

"இறங்கியிருந்தா?"

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஜெயிக்கப் போகிறவன் எங்கே மூடுவான்?

"இறங்கியிருந்தா ஆயுசு முழுக்க நானே ஏறுறேன். ஸ்டாரு, பரணு, ஆன்டெனா, எது சொன்னாலும் ஏறுறேன். முணுமுணுக்கக்கூட மாட்டேன்."

"சத்தியமா?"

"மாதா மேல."

மறுநாள் வீட்டில் ஒரு டின் நிறைய முறுக்கு இருந்தது. மாவு எப்போது இடித்தாள் என்று ஒரு கணம் யோசித்தேன். வெற்றி நெருங்கும்போது முறுக்கைப் பற்றி எவன் ஆராய்ச்சி செய்வான்? நாலு தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை லோக்கலில் சென்ட்ரல், அங்கிருந்து பெங்களூர் வண்டி. பங்காருப்பேட்டையில் இறங்கி, தங்கவயல் போகும் சின்ன ரயிலில் ஏறினோம். பெட்டியில் பாதிப் பேர் மடியில் சாமந்திப் பூ. இந்த ஊரில் பூ வியாபாரம் ஜோராக நடக்கிறது போலிருக்கிறது என்று ஞானத்திடம் சொன்னேன். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "ஆமாங்க," என்றாள்.

ஊர் வந்தது. பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், மலை மலையாக நின்றது. அதற்கு நடுவில் சுரங்க வாய். மேலே இரும்புச் சட்டத்தில் ஒரு பெரிய சக்கரம் சுற்றியது. சக்கரம் சுற்றினால் கூண்டு இறங்குகிறது என்று அர்த்தமாம். நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன். மாமனார் மேல் முதன்முதலாகக் கொஞ்சம் பாசம் வந்தது.

"ஆபீஸ் எங்க? யாரைக் கேக்கணும்?" என்றேன்.

"ஆபீஸ் ஞாயித்துக்கிழமை திறக்காது. அப்பாவோட வேலை செஞ்சவங்க இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போறேன்," என்று விடுவிடுவென்று நடந்தாள். கொண்டுவந்த பை என் தோளில். செங்கல் வைத்த மாதிரி கனம்.

அவள் நின்ற இடம் கல்லறைத் தோட்டம்.

"இங்க இருக்கிறவங்க எப்படி சாட்சி சொல்லுவாங்க?" என்று கேட்டபடி உள்ளே பார்த்தேன். ஊரே உள்ளே இருந்தது. கல்லறைக்குக் கல்லறை மெழுகுவத்தி, சாமந்தி மாலை, ஊதுபத்தி. வெள்ளை அங்கியில் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள்.

ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கன் நான். ஃபாக்டரி லீவு லிஸ்டில் இல்லாத திருநாள் எதுவும் என் தலையில் நிற்பதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ள நான் என்ன மடையனா?

"ரெண்டாந்தேதி வேணவே வேணாம்னு சொன்னியே?"

"சொன்னேனே. நீங்கதான் கேக்காம கூட்டிட்டு வந்தீங்க," என்றாள். பையைத் திறந்தாள். மெழுகுவத்தி மூன்று டஜன், ஊதுபத்தி, ஈரத்துணியில் சுற்றிய மாலை. முறுக்கு அடியில் இருந்தது.

போகட்டும், வழக்கு இன்னும் என் கையில்தான் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். மாமனார் கல்லறைக்கு ஒரு பெரியவர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். பெயர் அருள்தாஸ். முப்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கியவராம். ஞானத்துக்குச் சித்தப்பா முறை. நலம் விசாரிக்கக்கூட நான் விடவில்லை.

"பெரியவரே, எங்க மாமனாருக்கு என்ன வேலை?"

"சூசை அண்ணனுக்கா? லாம்ப் ரூமு, மாப்பிள. தலையில மாட்டுற விளக்கை எடுத்துக் குடுக்கிற வேலை."

"கீழ இறங்குவாரா?"

அருள்தாஸ் சிரித்த சிரிப்பில் வாளிச் சுண்ணாம்பு தளும்பியது. "அண்ணனா? கூண்டுச் சத்தம் கேட்டாலே வேர்த்துரும். இறங்குனா சம்பளம் கூடும்னு தொர கூப்பிட்டாரு. தொரையே, நீங்க போயிட்டு வாங்க, நான் விளக்கைப் பாத்துக்கிறேன்னுட்டாரு."

நான் ஞானத்தைப் பார்த்தேன். ஒரு ராஜா பார்க்கிற மாதிரி பார்த்தேன். அவள் மெழுகுவத்தியை நட்டுக்கொண்டே கேட்டாள்:

"சித்தப்பா, அப்ப வருஷா வருஷம் எங்கப்பாவுக்கு நீங்க எதுக்கு வெள்ளையடிக்கிறீங்க?"

பெரியவர் கையில் சுண்ணாம்பு அடிக்கும் மட்டை நின்றது.

"அத ஏம்மா மாப்பிள முன்னாடி கேக்குற?"

"சொல்லுங்க. அவரு அதுக்குத்தான் ஆவடியிலருந்து வந்திருக்காரு."

அவர் வாளியை ஓரமாக வைத்தார். "ஷிஃப்ட் முடிஞ்சா எல்லா விளக்கும் திரும்பி வரணும், மாப்பிள. ஒண்ணு வரலைன்னா ஒருத்தன் கீழ இருக்கான்னு அர்த்தம். கடைசி விளக்கு வர்ற வரைக்கும் அண்ணன் வீட்டுக்குப் போக மாட்டாரு. ஒரு நாளு ஒரு விளக்கு வரல. ஆள் விட்டுத் தேடுனாங்க, கிடைக்கல. அண்ணன் விடுவிடுன்னு போய் கூண்டுல ஏறிட்டாரு. கண்ணை மூடிக்கிட்டு, பக்கத்துல நின்னவன் பெல்ட்டைப் புடிச்சிக்கிட்டு, செபமாலை சொல்லிக்கிட்டே எட்டாயிரம் அடி."

"யாரு மாட்டிக்கிட்டது?"

"மாட்டிக்கல. தூங்கிட்டான்."

"யாரு?"

"நான்தான். முந்தின நாள் மாதா திருவிழா. கொஞ்சம் அதிகமாயிருச்சு." மட்டையைச் சுண்ணாம்பில் நனைத்தார். "கண்ணைத் தொறக்கிறேன், அண்ணன் நிக்கிறாரு. 'டேய் அருளு, விளக்கைக் குடுடா'ன்னாரு. அப்படியே மயங்கி விழுந்துட்டாரு. நான்தான் தோள்ல போட்டு மேல தூக்கிட்டு வந்தேன். நான் அண்ணனைக் காப்பாத்துனதா ஊரே சொல்லுது. அதுல எனக்கு ஒரே கூச்சம். அதான் சுண்ணாம்பு."

நான் விடவில்லை. "ஒரே ஒரு நாள்தானே? அதெல்லாம் கணக்குல வராது."

"பந்தயம் என்ன? இறங்கினாரா, இல்லையா?" என்றாள் ஞானம்.

"மயக்கம் போட்டாரே."

"இறங்கின பிறகுதான் போட்டாரு. இறங்கும்போது முழிச்சிட்டுத்தான் இருந்தாரு. உங்களைவிடப் பயந்தவருங்க எங்கப்பா. பயந்துக்கிட்டே போனாரு. அதை முன்னாடியே சொன்னா, பயப்படறதுக்கு மாமனாரைத் துணைக்குச் சேத்துப்பீங்கன்னுதான் சொல்லல."

பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கல்லறையில் நெற்றியை வைத்து அழுதாள். ஒன்பது வருஷத்து அழுகை. நான் ஒரு மெழுகுவத்தி எடுத்து ஏற்றினேன். தோற்றதற்காக இல்லை. இந்தப் பெண்ணை முன்னாலேயே அழைத்து வந்திருக்கலாம் என்று மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்காக நான் தோல்வியை ஒப்புக்கொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

டிசம்பர் ஒன்றாம் தேதி சாயங்காலம் ஏணியில் ஏறினேன். வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டு, அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே ஏறி, கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி ஸ்டாரைக் கட்டினேன். சகாயமேரி வீட்டில் இன்னும் பெட்டியே பிரிக்கவில்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான் கன்னியப்பன். அவனை எப்படி விடுவது?

"ஏண்டா, உன் மாமன் அந்த ஒரு நாள் கதையை ஏன் சொல்லல?"

"எந்த மாமன், அண்ணாத்தே?"

"கே.ஜி.எஃப். மாமன்."

"எனக்கு ஏது அங்கெல்லாம் ஆளு? செம்பரம்பாக்கம் தாண்டி எங்க ஜனம் யாருமில்ல. அண்ணிதான் இன்னா இன்னா சொல்லணும்னு சொல்லிக் குட்த்துச்சு. ஒரு டப்பா முறுக்கும் குட்த்துச்சு."

எனக்கு ரத்தம் கொதித்தது. இறங்கி வந்து இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று காலை ஏணியில் வைத்தேன். கீழே தரை தெரிந்தது. காலை மேலே எடுத்துக்கொண்டேன். இந்த மோசடிக்குப் பிறகு எந்த சத்தியமும் என்னைக் கட்டாது, இனி அவள் சொல்லும் ஒரு வேலையும் செய்வதில்லை என்று மொட்டை மாடியில் நின்று தீர்மானமாக உரக்கச் சொன்னேன்.

"சரிங்க," என்றாள் ஞானம், ஹாலுக்குள்ளிருந்து. "அங்கதானே இருக்கீங்க, ஆன்டெனாவைக் கொஞ்சம் பூந்தமல்லிப் பக்கம் திருப்புங்க. படம் ஆடுது."

கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, "இப்பத் தெரியுதா?" என்று கேட்டேன்.