சர்வருக்கு ஏசி

"என்னங்க, உங்க பெட்டி மறுபடியும் கத்துது!"

மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார். கட்டிலடியில் இருந்த கம்ப்யூட்டர், இடமில்லை இடமில்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டிக் கதறிக்கொண்டிருந்தது.

எல்லாம் ரோஷத்தில் வந்த வினை. ஒரு பெரிய கம்பெனியின் சமூக வலைத்தளத்தில் ஆசையாகக் கல்யாண நாள் படத்தைப் போட்டார். கம்பெனிக்காரன் அதன் கீழே வழுக்கைத் தைல விளம்பரத்தைப் போட்டுவிட்டான். அன்றே கணக்கை மூடினார். எந்த முதலாளியும் இல்லாமல், அவரவர் வீட்டு சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலைத்தளம் ஒன்று இருப்பதாகப் படித்தார். இந்தப் பெட்டியை வீட்டிலேயே சர்வராக வைத்து, மேல்வீடு கீழ்வீடு என்று குடியிருப்பு முழுவதையும் அதில் சேர்த்தார்.

"அதுக்குள்ள எப்படிடா நிறைஞ்சுது?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "பூனைப் படம் போடுறவங்களைக் கொஞ்சம் ஃபாலோ பண்றேன் மாமா."

"கொஞ்சம்னா?"

"பூனை வளர்க்கிற எல்லாரையும்."

அவன் பார்க்கும் ஒவ்வொரு பூனைப் படத்துக்கும் ஒரு நகல் கட்டிலடிக்கு வந்து குடியேறுமாம்.

பெரிய டிஸ்க் வாங்கிப் போட்டார். இடம் கிடைத்தது, பெட்டி கொதித்தது.

"இந்த மெத்தைக்கு அடுப்பு மேலயே படுத்துக்கலாம்" என்றாள் மனைவி.

பெட்டி ஹாலுக்குப் போனது. பக்கத்தில் ராட்சச மின்விசிறி ஒன்றை வைத்தார். டிவி கேட்கவில்லை என்று மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். விசிறி போய் ஏசி வந்தது.

"நான் கேட்டப்பல்லாம் வராத ஏசி! பெட்டியாப் பிறந்திருக்கணும் நான்!" என்று பொரிந்தாள் மனைவி.

சர்வர் குளிர்ந்தது, புகார்கள் சூடுபிடித்தன. "தம்பி, என் படம் தலைகீழா வருது" என்று வந்த மேல்வீட்டு மேனேஜர் ஏசிக்கு நேராக உட்கார்ந்துவிட்டார். பாஸ்வேர்டு மறந்த எதிர்வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் இடம்பிடித்தார். கடையிலும் விமோசனமில்லை. கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவரிடம், "எழுத்து தெரியுதா?" என்று கேட்டால், போனில் கீழ்வீட்டு அம்மாள் முந்திக்கொண்டார்: "எழுத்தே வரலை தம்பி!"

அன்றிரவே உட்கார்ந்து ஒவ்வொரு கோளாறாகச் சரிசெய்தார். இதற்கு மேல் ஒரு புகார் வந்தால் அந்தக் கம்பெனிக்காரன் காலிலேயே போய் விழுந்துவிடுவது என்றும் முடிவு செய்தார்.

மறுநாள் போன் அடிக்கவே இல்லை. ஒரு புகார், ஒரு முணுமுணுப்பு, ஊஹூம்! சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஹால் நிரம்பி வழிந்தது. மச்சினன் விதவிதமான பூனைகளைப் போலக் கத்திக் காட்ட, மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிர்வீடும் கீழ்வீடும் பேச்சில் ஒன்றையொன்று மிஞ்சின.

கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலிமேல் ஏறினார். "முதலாளி இல்லை, விளம்பரம் இல்லை! இன்னைக்கு முழுக்க ஒரே ஒரு குறை உண்டா? சொல்லுங்க!"

"இல்லவே இல்லை!" கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. மனைவிகூடத் தட்டினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமியார் மெல்ல அருகில் வந்து, "கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை" என்றார். "உங்க பெட்டி போட்ட இரைச்சல்ல ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்கலை. காலையிலேயே வயரைப் பிடுங்கிட்டேன்."