போர் என்று எழுத மறுக்கும் தம்பிக்கு

எல்லைக்கு அந்தப் பக்கம் பெல்கொரோத் நகரில், மனைவி இன்னாவோடும் சுவரை அடைக்கிற டெலிவிஷனோடும் வாழ்ந்துவரும் என் உடன்பிறந்த தம்பி அர்காதிக்கு, எல்லைக்கு இந்தப் பக்கம் ஹார்கிவ் நகரில், ஒன்பதாவது மாடியில், ஜன்னல் இருந்த இடத்தில் ப்ளைவுட் பலகையோடு வாழ்ந்துவரும் அக்கா தைசியா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் உன் அத்தான் பனாஸும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதவில்லை, கவனித்துப் படி. உங்கள் நலத்தை நான் விசாரிக்கவில்லை. அதைத்தான் உங்கள் டெலிவிஷனில் தினமும் சொல்கிறார்களாமே.

உன் கடிதம் வேறொரு நாட்டின் திபிலிசி நகர் வழியாக, லாரிக்காரர்கள் கைமாற்றி, மலையெல்லாம் சுற்றி வந்து சேர்ந்தது. முன்னெல்லாம் சனிக்கிழமை காலையில் நீ காரில் ஏறினால் மதியம் என் மேஜையில் உட்கார்ந்து பீட்ரூட் சூப்புக்கு இன்னும் கொஞ்சம் பூண்டு கேட்பாய். இப்போது உன் கையெழுத்து மட்டும் பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது. சரி, அவ்வளவு தூரம் வந்ததே என்று பிரித்தால் உன் பிள்ளையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய்? "அந்த விஷயமாக அந்த இடத்துக்குப் போன நம் ரொதியோனிடமிருந்து, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தகவல் இல்லை. அக்கா, உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது." எந்த விஷயம் தம்பி? எந்த இடம்? எந்தச் சம்பவம்? கல்யாணமாகாத பெண் மாசமாக இருப்பதை அம்மாவிடம் சொல்வதுபோல எழுதியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், நீங்கள் பூசணித் தோட்டத்தையே மறைக்கப் பார்க்கிறீர்கள். போர் என்ற அந்த வார்த்தையைச் சொன்னால் உங்கள் ஊரில் பிடித்து உள்ளே போடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நீ அதைச் சட்டம் வருவதற்கு முன்னாலிருந்தே சொல்லவில்லை.

மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். முதல் நாள் காலை, படுக்கையிலிருந்து எங்களைத் தூக்கிக் கீழே போட்டது ஒரு சத்தம். எழுந்து ஓடியவள் முதலில் யாருக்குப் போன் போட்டேன்? உனக்குத்தான்.

"அர்காதி, எங்க மேல குண்டு போடறாங்கடா."

"யாருக்கா போடறது?"

"யாரு, உங்க ஆளுங்கதான்."

"உளறாதக்கா. இப்பதான் டிவியில சொன்னாங்க. ராணுவ இடத்தை மட்டும்தான் அடிக்கிறாங்களாம். ஜனங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நீ பேசாம டீயைப் போட்டுக் குடி."

"என் பால்கனியே போச்சுடா."

"அதெல்லாம் உங்க ஆளுங்களே சுட்டுட்டு எங்க மேல பழியைப் போடறது."

நான் போனை உடைந்த ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். "கேக்குதா?" என்றேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாணவேடிக்கை மாதிரி இருக்குக்கா" என்றாய். பால்கனியில் மூன்று அடுக்கில் வெள்ளரிக்காய் ஊறுகாய், தக்காளி ஊறுகாய், பிளம் பழ ஜாம் எல்லாம் ஜாடி ஜாடியாக அணிவகுத்து நின்றது உண்மைதான். தூரத்திலிருந்து குறிபார்த்தவனுக்குப் பட்டாளம் மாதிரி தெரிந்திருக்கலாம். அவனை மன்னித்துவிட்டேன். உன்னைத்தான் மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கு என் போனில் உன் எண்ணை அடைத்தவள்தான், இன்னும் திறக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் மெட்ரோ ரயில் நிலையத்தில் தரையில் மெத்தை போட்டுக் குடியிருந்தோம். உன் அத்தான் விட்ட குறட்டைக்குச் சுரங்கப்பாதையின் அந்தக் கோடியிலிருந்து ஆட்கள் புகார் சொல்ல நடந்து வந்தார்கள். குண்டுச் சத்தமே தேவலாம் என்று ஒரு கிழவர் மேலே ஏறிப் போய்விட்டார், நாங்கள்தான் கெஞ்சிக் கூட்டிவந்தோம். பிறகு வீட்டுக்கே திரும்பினோம். மின் நிலையங்களை நீங்கள், மன்னிக்கவும், 'யாரோ' அடித்துவிட்டதால் கரண்ட் நினைத்தபோது போகும். லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்கிறவர்களுக்காக ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்டுக்குள்ளேயே ஒரு பெட்டி வைக்கிறோம். தண்ணீர், பிஸ்கட், டார்ச், மடக்கு நாற்காலி, அவசரத்துக்கு ஒரு வாளி. எங்கள் கட்டடத்துப் பெட்டிக்குப் பொறுப்பாளர் என்று உன் அத்தான் தன்னைத் தானே நியமித்துக்கொண்டார். தினமும் பெட்டியைச் சோதிப்பார். சோதிப்பது என்றால் என்ன, பிஸ்கட் நமுத்துப் போயிருக்கிறதா என்று தின்று பார்ப்பது. எட்டாவது மாடி கிளாவ்தியா, ஆஸ்பத்திரியில் வார்டு வேலை செய்கிறவள், பாவம், இரக்கப்பட்டுப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி நிரப்புவாள். ஒருநாள் இவர் கடைசி பிஸ்கட்டைச் சோதித்து முடித்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் தொங்குகிறார், அபாயச் சங்கு ஊதுகிறது. கிளாவ்தியா கதவு இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க பனாஸ், பெட்டியில பிஸ்கட் இருக்கு, எடுத்துச் சாப்பிடுங்க" என்று கத்துகிறாள். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக இவர் பதில் பேசவில்லை.

எங்களோடு போயிருந்தால் பரவாயில்லை, உலகத்துக்கே உபகாரம் செய்திருக்கிறீர்கள். உன் அத்தானுடைய தம்பி நிலத்தில் கோதுமை விளைந்த இடத்தில் இப்போது கண்ணிவெடி விளைகிறது, டிராக்டரை இறக்கப் பயந்து வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். தானியக் கப்பல்கள் துறைமுகத்தில் நின்றபோது, எங்கள் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத எகிப்துக்காரி ரொட்டி விலையைப் பார்த்து வயிற்றில் அடித்துக்கொண்டாளாம். என் மகள் மிரோஸ்லாவா போலந்தில் ஓட்டல் அறைகளைத் துடைக்கிறாள். பேத்தி போனில் என்னோடு போலிஷ் பாஷையில் பேசுகிறது, நான் எல்லாவற்றுக்கும் "ஆமாம் தங்கம்" என்கிறேன். உங்களுக்கு என்ன கிடைத்தது? சர்க்கரைக்கு அடிதடி, இன்னாவின் பிரெஞ்சு முகக் கிரீம் கடையை விட்டு ஓடியது, உன் ஜெர்மன் காருக்கு உதிரி பாகம் இல்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டு, இப்போது குத்துகிறது குடைகிறது என்றால் யார் என்ன செய்வது? போதாக்குறைக்கு உங்கள் ஊரிலும் விழ ஆரம்பித்துவிட்டது. அதை வெடி என்று சொல்லக் கூடாதாம், செய்தியில் 'கைதட்டல் சத்தம்' என்கிறார்களாம். உன் வீட்டு எதிரே பஸ் நிறுத்தத்தைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்பியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, கைதட்டலைத் தாங்கவா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடாது தம்பி. நான் சிரிக்கவில்லை. அந்தச் சத்தம் எப்படிப் படுக்கையிலிருந்து தூக்கிப் போடும் என்று எனக்குத் தெரியும்.

இனி உன் பிள்ளை விஷயம். ரொதியோன் உயிரோடு இருக்கிறான். இதைப் பிடித்து வைத்துக்கொண்டு உன்னைத் துடிக்கவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் என்னால் முடியவில்லை, நான் உங்கள் டெலிவிஷன் இல்லையே. எங்கள் ஆட்களிடம் பிடிபட்டு, காலில் அடியோடு, கிளாவ்தியா வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்திருக்கிறான். "எங்க அத்தை இந்த ஊர்தான்" என்று என் பெயரையும் தெருவையும் சொல்லியிருக்கிறான். மேலே கேட்டு, அனுமதி வாங்கி, என்னை ஒருநாள் உள்ளே விட்டார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது, அது எதிரிப் படைக்காரனாக இருந்தாலும். கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டி செய்து எடுத்துப் போனேன். காவலுக்கு நின்றவன் உள்ளே அரம் கிரம் வைத்திருக்கிறேனா என்று முள்கரண்டியால் குத்திக் குத்திப் பார்த்தான். ஒரு துண்டைச் சோதனைக்குத் தின்றான், அடுத்த துண்டை மறுசோதனைக்குத் தின்றான். உன் அத்தானிடம் பயிற்சி எடுத்தவன்போல.

உன் பிள்ளை என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அத்தை, உங்க ஜன்னல் போயிடுச்சா?"

"போச்சுடா."

"நானா இருக்காது அத்தை. நான் அந்தப் பக்கமே வரல."

"எல்லாரும் நான் இல்ல, நான் இல்லன்னா ஜன்னல் என்ன தானாவா உடைஞ்சுது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த பையன், ராணுவத்திலிருந்து அழைப்பு வந்தபோது ஒளியாமல் போனான். நீதானே ரயிலேற்றி அனுப்பினாய், "வேலிக்குக் காவல் நிக்கற வேலைதான், போயிட்டு வாடா" என்று. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. இருந்தும் ரொட்டியைப் பிட்டு ஊட்டிவிட்டேன், கையிலும் கட்டுப் போட்டிருந்தார்கள்.

"வீட்டுக்கு ஒரு போன் பேசலாம்னு சொன்னாங்க அத்தை. நான் வேணாம்னுட்டேன்."

"ஏன்டா?"

"பதுங்குகுழிக்குள்ளேர்ந்து ஒருதடவை பேசினேன். அப்பா, இங்க எல்லாரும் செத்துக்கிட்டிருக்காங்கன்னேன். டிவியில அப்படி ஒண்ணும் காட்டலையேடா, பாத்துப் பேசுன்னாரு. இப்ப பேசி என்ன சொல்றது? இல்லாத போர்ல கால்ல எப்படிடா அடிபட்டுதும்பாரு. அவர் ஒரே ஒருதடவை சொல்லட்டும் அத்தை, இது போர்தான்னு. அப்புறம் பேசறேன்."

கேட்டாயா? பெற்ற பிள்ளை அப்பாவிடம் கேட்பது இவ்வளவுதான். நானும் அவனிடம், "இரு, உங்கப்பனுக்கு எழுதறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆகவே தம்பி, ஒரு தாளை எடு. உன் கையாலேயே எழுது, இன்னாவை எழுதச் சொல்லிவிட்டு நழுவாதே. 'இது போர். உன்னை நான் போருக்குத்தான் அனுப்பினேன்.' இவ்வளவுதான், இதில் 'அந்த', 'இந்த' எதுவும் வரக் கூடாது. எழுதி, உன் கடிதம் வந்த வழியிலேயே அனுப்பு. அதை அவனிடம் காட்டினால் அவன் போன் பேசுவான். வரவில்லையென்றால் பேச மாட்டான், நானும் ஒரு வார்த்தை சிபாரிசு பண்ண மாட்டேன். பயமா இருக்கா? பயப்படு. நாங்க எல்லாரும் தினம் பயந்துகிட்டுதான் இருக்கோம், ஒரு நாளைக்கு நீயும் பயந்து பாரு. வழியில் எவனாவது பிரித்துப் படிப்பானோ என்று யோசிக்கிறாயா? படிக்கட்டும், அவனுக்காவது உண்மை தெரியட்டும்.

கடவுள் உனக்குத் தீர்க்கமான பார்வையையும், அதைவிடத் தீர்க்கமான காதையும் அருளட்டும். இன்னாவின் முகச் சுருக்கங்கள் சீக்கிரம் குணமாக என் பிரார்த்தனைகள். நீ எழுதும்வரை எனக்குத் தம்பி என்று யாரும் கிடையாது, அம்மாவிடமும் மானசீகமாகச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் முன்னாள் அக்கா
தைசியா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். உறையை ஒட்டிவிட்டு லாரிக்காரனுக்காகக் காத்திருந்தபோது கிளாவ்தியா ஓடிவந்தாள். ரொதியோனை வேறு ஊருக்கு மாற்றுகிறார்களாம், பார்ப்பதென்றால் இப்போதே வா என்றாள். உறையைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தை, அப்பா எழுதிட்டாரா?" என்றான். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எழுதிட்டாருடா" என்று வந்துவிட்டது.

"என்னன்னு?"

"இது போர்னு. உன்னை நான்தான் அனுப்பினேன், என்னை மன்னிச்சுடுன்னு." மன்னிப்பு நான் உன்னை எழுதச் சொன்னதில்கூட இல்லை, உன் பேரில் நானே சேர்த்தேன்.

"அப்பாவா? மன்னிச்சுடுன்னா எழுதினாரு?" உன்னை அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"அழுதுகிட்டே எழுதியிருக்காரு போல, ஒரே கிறுக்கல்" என்றேன். அப்போதுதான் நம்பினான். கடிதத்தைக் காட்டச் சொன்னான். உங்கப்பாவுக்கு ஆபத்துன்னு எரிச்சுட்டேன் என்றேன். என் உறை என் கோட்டுப் பையில்தான் இருந்தது. அவன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான் அர்காதி. காவல்காரன் எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்.

ஆகையால் மேலே உள்ளதை எல்லாம் நான் எழுதவே இல்லை என்று நினைத்துக்கொள். நீ எதுவும் எழுத வேண்டாம். எழுதினால் உன்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள், பையன் திரும்பி வரும்போது வீட்டில் யார் இருப்பது? இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது, மற்றபடி முழுசாக இருக்கிறான் என்று இன்னாவிடம் சொல், மெதுவாகச் சொல். அவன் போன் பண்ணுவான். டெலிவிஷனை அணைத்துவிட்டு எடு. போனில் அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதே, கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அழுகை வந்தால் அழு, அதற்கு இன்னும் உங்கள் ஊரில் தடை போடவில்லை. என்றைக்காவது கைதிகளை மாற்றிக்கொள்வார்கள், அவன் வந்து சேர்வான். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, நான் உன் பேரில் சொன்னதை நீயே அவனிடம் சொல்லிவிடுடா தம்பி. சின்னக் குரலில் சொன்னால் போதும்.

அக்கா