ஆளில்லாத வீட்டில் நான்கு பெயிண்டர்கள்

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, எட்டாவது படிக்கும் தங்கை சுகன்யா, சொந்த ஊரான ஹனூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்திறங்கிய சித்தப்பா, அப்புறம் நான். கம்பெனிக்கு நான் டிக் அடித்து உறுதி கொடுத்திருந்தபடி வீட்டில் இருந்தவர்: நான் மட்டும். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் என் மானம் போயிற்று.

மைசூரில் எங்களுக்கு வாடகை வீடு. வீடு என்றால் ஒரு அறை, அதன் மூலையில் அடுப்பு. அப்பா கான்கிரீட் மேஸ்திரி, அம்மாவும் கூடவே சித்தாள் வேலைக்குப் போவார். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்படிப்பட்ட நான் இன்ஜினியரிங் முடித்து, ஒரு பெரிய கம்பெனியின் இரண்டு சுற்றுப் பரீட்சைகளைத் தாண்டி, கடைசிச் சுற்றான வீடியோ இன்டர்வியூவுக்கு வந்து நின்றேன். இதில் தேறிவிட்டால் எங்கள் வீட்டுக்கு முதல்முறையாக மாதச் சம்பளம் என்று ஒன்று வரும். மழை பெய்தால் நின்றுபோகாத சம்பளம்.

கம்பெனி போட்டிருந்த நிபந்தனை எளிமையானது. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. யாராவது பக்கத்தில் நின்று விடை சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். (எங்கள் வீட்டில்? சித்தப்பாவா?)

மற்றவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் கோயிலுக்குப் போய்விட்டு வருவதாகத்தான் ஏற்பாடு. கெடுத்தது சுவர். எனக்குப் பின்னால் இருந்த சுவர் உப்புப் பூத்து, காரை பெயர்ந்து, ஏதோ ஒரு நாட்டின் வரைபடம் மாதிரி இருந்தது. அதைக் கம்பெனிக்காரர்கள் பார்த்தால் வேலை கிடைக்காது என்று நானாகவே முடிவு செய்தேன். அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துச் சுவரில் கட்டப் போனால், ஆணி இல்லை. ஆணி அடித்தால் வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்.

"இதுக்கென்ன சாமி, ஒரு மணி நேரந்தானே. நாங்க புடிச்சுக்கறோம்" என்றார் அப்பா. நாள் முழுக்க ஜல்லிச் சட்டி தூக்குகிற கைக்கு ஒரு புடவை என்ன கனம் என்பது அவர் எண்ணம். அப்பா ஒரு முனை, சித்தப்பா மறுமுனை, இருவரும் கேமராவுக்குப் படாமல் ஒதுங்கி நின்றார்கள். ஃபேன் சத்தம் மைக்கில் கேட்கும் என்று அதை நிறுத்தினேன். உடனே அம்மா பழைய காலண்டர் அட்டையோடு எனக்கு விசிறி விட லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார்ந்தார். போன் சிக்னல் ஜன்னலோரம் மட்டுமே வரும். அதனால் சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்து வந்த சுகன்யா, சீருடையைக் கூட மாற்றாமல், ஹாட்ஸ்பாட் போட்ட போனைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்றாள். ஆக, ஆள் இருக்கக் கூடாத வீட்டில் ஆளுக்கொரு வேலை.

திரையில் ஒரு மேடம், ஒரு சார். (பேசியதெல்லாம் ஆங்கிலம். தமிழில் எழுதினால் என் ஆங்கிலமாவது தப்பிக்கும்.)

"அறையில் தனியாகத்தானே இருக்கிறீர்கள்?"

"ஆமாம் மேடம்."

அம்மா விசிறியபடியே எனக்கு ஆமோதித்துத் தலையாட்டினார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் அரைமணி நேரம் நான் பிரமாதமாகச் செய்தேன். சார் கேட்ட நிரலை எழுதினேன். இதை இன்னும் வேகமாக ஓட வைக்க முடியுமா என்று கேட்டார், அதையும் செய்தேன். சார் முகத்தில் சிரிப்புக்கூட வந்தது. அந்த நேரத்தில்தான் மேடம் கேட்டார்.

"உங்கள் சுவர் இறங்குகிறதே?"

சித்தப்பாவின் கை சோர்ந்திருந்தது. "கையி மரத்துப் போச்சு கண்ணு" என்று அவர் கிசுகிசுத்தது மைக்கில் விழாமல் இருக்க நான் இருமினேன். சுவர் மறுபடி விறைப்பாக ஏறியது. மேடம் முகம் மாறியது.

"லேப்டாப்பைத் தூக்கி அறையை ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள்."

கேமரா வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பித் தூக்கினேன். நான் மெதுவாகச் சுற்றச் சுற்ற, அப்பா கண்ஜாடை காட்ட, மொத்தக் குடும்பமும் என் முதுகுப்பக்கமாக நகர்ந்துகொண்டே வந்தது. புடவையைக் கீழே போட மனசில்லாமல் அப்பாவும் சித்தப்பாவும் அதை மடக்கிப் பிடித்தபடியே நடந்தார்கள். அம்மா விசிறியை விடவில்லை. சுகன்யா மட்டும் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒடுங்கினாள். முக்கால் வட்டம் வரை எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அதன்பின் பீரோ வந்தது. எங்கள் பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி.

அதில் எனக்கே தெரிந்தது. நடுவில் லேப்டாப்போடு நான். எனக்குப் பின்னால் ஊர்வலம் மாதிரி மூன்று பேர், ஒரு பட்டுப்புடவை. ஜன்னல் திரைக்கு வெளியே நீட்டியிருந்த சுகன்யாவின் பாதி உடம்பு.

"யார் இவர்கள்?" என்றார் மேடம்.

என் குடும்பம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. தனியாக இருக்கிறேன் என்ற பொய்யைக் காப்பாற்றும் அவசரத்தில் என் வாய் வேறொன்றைச் சொன்னது.

"பெயிண்டர்ஸ், மேடம். வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க வந்தவர்கள்."

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பெயிண்டர் தெரியும். கண்ணாடியில் அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலையாள் முதலாளியிடம் பேசுகிற குரலில், அதுவும் கன்னடத்தில், "ஆய்த்து சார், நாவு ஹொரகடே இர்தீவி" என்றார். ஆச்சுங்க சார், நாங்க வெளிய இருக்கறோம் என்று அர்த்தம். என்னை சார் என்றார். அம்மாவையும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சுகன்யாவால் போக முடியாது. அவள் போனால் இன்டர்வியூவும் கூடவே போய்விடும்.

"அந்தச் சின்னப் பெண்?"

"அவளும் பெயிண்டர்தான்."

"பள்ளிச் சீருடையில் இருக்கிறாளே?"

"பெயிண்ட் பட்டால் பரவாயில்லை என்று பழைய துணி, மேடம்."

மேடம் முன்னால் குனிந்தார். "சிறு குழந்தையை வேலைக்கு வைத்திருக்கிறீர்களா? வயதென்ன?"

"பதினெட்டு" என்றேன்.

மேடம் என்று ஒருவர் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லித்தான் சுகன்யாவுக்குப் பழக்கம். ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு வந்து கையைக் கட்டி நின்றாள். "தர்ட்டீன், மேடம்."

"இவர் உன் முதலாளியா?"

"நோ மேடம். அண்ணா, மேடம்."

"வெளியே போனவர்கள்?"

சுகன்யா என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

"எங்க அப்பா, அம்மா, சித்தப்பா, மேடம். பெயிண்டர் இல்ல மேடம், கான்கிரீட்."

சார் மைக்கை அணைத்துக்கொண்டார். அவருடைய தோள் மட்டும் குலுங்குவது தெரிந்தது. மேடம் சிரிக்கவில்லை. "உங்கள் நிரல் சரியாக இருந்தது. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி" என்றார். திரை கறுத்தது. மூன்றாம் நாள் வருத்தம் தெரிவித்து மின்னஞ்சல் வந்தது. அதற்கு முன்பே நான் போதுமான அளவு வருந்தியிருந்தேன்.

வெளியே தெருக்குழாயடியில் மூவரும் நின்றிருந்தார்கள். அப்பா தோளில் அந்தப் புடவை, மடிப்புக் கலையாமல். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, "போயிட்டாங்களா சாமி? நாங்க உள்ள வரலாமா?" என்று கேட்டார். அவரே வாடகை கட்டுகிற வீட்டுக்குள் வர என்னிடம் அனுமதி. திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்து அம்மாதான் பேச்சை மாற்றினார். "ஏனுங்க முதலாளி, டீத்தண்ணி கிடைக்குமா? காலையில இருந்து ஒரே வேலைங்க."

சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார். அவர் ஹனூர் திரும்பி பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் விஷயம் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது அப்பாவிடம், "ஏப்பா, பையன் ஊட்டுல பெயிண்டு வேலை முடிஞ்சுதா?" என்பார்கள். அப்பாவும் முகம் மாறாமல், "இன்னொரு கோட்டிங் பாக்கி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எட்டு மாதம் கழித்து மைசூரிலேயே ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தை அப்பா கையில் வைத்தேன். அவர் அதை அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையை மறுபடி நீட்டினார்.

"இது உன்ற சம்பளம். எங்க கூலி எங்க, முதலாளி?"

சிரித்தபடிதான் கேட்டார். நான் சிரிக்க முயன்று முடியாமல் எண்ண ஆரம்பித்தேன். ஆண் ஆள் இருவருக்கு முழுக்கூலி, அம்மாவுக்கு சித்தாள் கூலி. சுகன்யாவுக்கு அரைக்கூலி என்றேன். உண்மையைச் சொன்னதற்குத் தனியாக வேண்டும் என்று அவள் சண்டை போட்டு நூறு ரூபாய் சேர்த்து வாங்கிக்கொண்டாள். சுவரில் இன்றுவரை ஒரு சொட்டு பெயிண்ட் விழவில்லை. கூலி மட்டும் மூவாயிரம் ரூபாய்.