மூடி போட்ட கேமராவும் கரடியின் தேன் அட்டையும்

ஒரு காட்டில், அட்டை இல்லாதவன் தேனை மோந்துகூடப் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. கரடி பேச்சிமுத்துவின் அட்டை அன்று சாயங்காலத்தோடு காலாவதி. புதுப்பிக்காவிட்டால், வருஷம் முழுக்கக் காத்திருந்த வேங்கை மரத்துத் தேன்கூடு குரங்குகளுக்குப் போய்விடும்.

புது அட்டைக்கான போட்டோவுக்காகக் கரடி, ஸ்டூடியோ வைத்திருக்கும் தேவாங்கு திரவியத்திடம் ஓடியது. திரவியம் தொழிலில் சுத்தம். ஆனால் லேசில் விடுகிற ஆளா?

"அண்ணாச்சி, உங்க மூஞ்சி கறுப்பு. வெளிச்சம் கம்மியா எடுத்தா புள்ளி புள்ளியா கிரெய்ன்ஸ் அடிக்கும். கூட்டி எடுத்தா நெஞ்சுல இருக்கிற வெள்ளைப் பிறை உருத்தெரியாம வெளுத்து எரிஞ்சு போயிடும். கேமரா எவ்வளவு தாங்கும்னு அளந்துட்டுதான் எடுப்பேன்."

முதலில் லென்ஸுக்கு மூடி போட்டே ஒரு படம். "ஒண்ணுமே இல்லாதப்போ இது தானா எவ்வளவு புள்ளி போடுதுன்னு பார்க்கணும்" என்றது. பிறகு வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டியது. இரண்டாம் படியிலேயே 'எரியுது, எரியுது' என்று கேமரா சிவப்பாய்ச் சிமிட்டியது. திரவியம் அசரவில்லை. மூன்றாம் படிப் படத்தையும் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்தால் பிறை பத்திரமாக இருந்தது. நான்காம் படியில்தான் போனது.

"பார்த்தீங்களா, சும்மா பூச்சாண்டி காட்டுது!"

மூன்றாம் படியில் எடுத்து, கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் குறைத்து, பிரிண்ட் போட்டது. அடடா! ஒவ்வொரு முடியையும் எண்ணலாம். தன் மூக்கு இத்தனை அழகென்று கரடிக்கு அன்றுதான் தெரிந்தது. சோதனைப் படங்களையும் அதே கவரில் போட்டுத் திரவியம் அனுப்பிவைத்தது.

அட்டை ஆபீசில் உடும்பு குமாஸ்தா. பிடித்த பிடியை விடாது. பழைய அட்டையில் வெறும் கரிப்புகையாய் இருந்த படத்தையும் புதுப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"இது நீ இல்ல."

"சார், நான்தான் சார்! எதிர்லதானே நிக்கேன்!"

"நீ நிக்கிறதா முக்கியம்? ரெக்கார்டோட ஒத்துப்போகணும். இதுல கண்ணு, மூக்கெல்லாம் இருக்கு. எவன் மூஞ்சிய கொண்டாந்த?"

கரடிக்கு அழுகையே வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே குரங்குகள் வாளியோடு நின்றன. வேறு வழி தெரியாமல் கவரை அப்படியே மேஜையில் கவிழ்த்தது. மூடி போட்டு எடுத்த படம் மேலே விழுந்தது. வெறும் இருட்டு, அதில் நாலு புள்ளி.

உடும்பின் முகம் மலர்ந்தது. "இத முதல்லயே குடுக்குறதுக்கென்ன? அச்சு அசல் நீயேதான்!"

டமால் என்று சீல் விழுந்தது. அன்றைக்கே கரடி தேன்கூட்டில் வாயை வைத்தது. அதற்குப்பிறகு திரவியம் யாருக்கும் மூடியைக் கழற்றவே இல்லை; ஸ்டூடியோவில் நிற்க இடமில்லை.

நீதி: ஆபீசுக்கு உன்னை அடையாளம் தெரிய வேண்டுமானால், கேமராவுக்கு உன்னைக் காட்டாதே.