வயலட் பூவும் ஞாயிற்றுக்கிழமைச் சமையலும்

இது என் கண்ணால் பார்த்ததல்ல. எங்கள் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் அண்ணன் தேநீர் இடைவேளையில் சொன்னது. அவரை எல்லோரும் காற்புள்ளி என்பார்கள். ஒரு வாக்கியத்துக்குள் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். அவர் வீட்டில் முற்றுப்புள்ளி வைப்பது அண்ணி.

அண்ணி வேலைக்குப் போன முதல் வாரமே ஒன்று வைத்தாராம்.

"ஆறு நாள் நான் சமைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்க."

ஞாயிறு என்றால் காற்புள்ளிக்கு ஏரியும் தூண்டிலும். மீன் ஒருநாளும் வந்ததில்லை. நிம்மதி வரும். அதுவும் போய்விடுமா?

அப்போதுதான் அச்சகத்துக்கு ஒரு நாட்காட்டி வேலை வந்தது. பிறந்த மாதத்துக்கு ஒரு பூ, பூவுக்கு ஒரு குணம். பிப்ரவரிக்கு வயலட், அடக்கம். ஆகஸ்டுக்குக் கிளாடியோலஸ், மனவலிமை. அண்ணி பிப்ரவரி. இவர் ஆகஸ்ட்.

"ஒரே ஒரு பிரதியில, தம்பி, ரெண்டே ரெண்டு வரி, நானா, சேர்த்துட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓர் ஒற்று விட்டுப்போனால் ராத்திரி தூக்கம் வராதவன் நான். பிழை திருத்துகிறவரே பிழையை நட்டு வைப்பதா!

சனிக்கிழமை காலை அந்தப் பிரதியைச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டு வேலைக்கு ஓடி வந்திருக்கிறார். மாலையில் திரும்பினால், அண்ணி அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, என் பூ வயலட்டாமே?"

"ஆமா. அடக்கமான பூ."

"'விடுமுறை நாளிலும் அடுப்படியே இவர்களுக்குச் சொர்க்கம்'னு போட்டிருக்கே. பூவுக்கு அடுப்படியெல்லாம் தெரியுமா?"

"ஆராய்ச்சி பண்ணி, எழுதியிருப்பாங்க."

"உங்களுக்கு, 'வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு இவர்களின் பிறப்புரிமை'. இதுவும் ஆராய்ச்சியா?"

"கிளாடியோலஸ், வாள் மாதிரி இருக்கும்மா. வாளை வச்சு, வெங்காயமா நறுக்குவாங்க?"

சண்டைக்குத் தயாராக நின்றார். அண்ணி தலையாட்டினார். அதுதான் முதல் அதிர்ச்சி.

"அச்சுல வந்தா சரியாத்தான் இருக்கும். பொய்யெல்லாம் போட மாட்டாங்க இல்ல?"

"சேச்சே! நான் புரூஃப் பார்த்தது!"

"அப்ப ஒண்ணு சொல்லிடறேன். ஸ்கூல்ல சேர்க்க வயசு பத்தலைன்னு எங்கப்பா பிப்ரவரின்னு போட்டுட்டாரு. நான் நிஜமா பிறந்தது ஆகஸ்ட்."

காற்புள்ளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாம, ரெண்டு பேருமே, கிளாடியோலஸா?"

"அதான் யோசிக்கிறேன். ரெண்டு வாள் ஒரே வீட்டுல. சோறு பொங்கறது யாரு?" என்ற அண்ணி, சட்டென்று போனை எடுத்தார். "எதுக்கும் உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம். உங்க சர்டிபிகேட்டை மட்டும் எப்படி நம்பறது?"

ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நீ பிப்ரவரிடா. ஸ்கூல்ல ஆகஸ்ட்னு எழுதிட்டாங்க. போகட்டும்னு விட்டுட்டோம்."

"அம்மா! இத்தனை வருஷமா, ஏம்மா சொல்லலை?"

"நீ கேட்டியா?"

போனை வைத்த அண்ணி, கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வாங்க வயலட். சொர்க்கத்துக்கு வழி இந்தப் பக்கம்."

சொல்லி முடித்தபோது அவருக்கு டீ ஆறிப்போயிருந்தது. "முப்பத்தெட்டு வயசுல, தம்பி, பிறந்த மாசமே, கைவிட்டுப் போச்சு" என்றார். தப்பு அவருடையதுதான். ஆனாலும் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆனால் ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. இரண்டு பேருக்கும் மாதம் மாறியிருக்கிறது, அதுவும் கச்சிதமாக இடம் மாறியிருக்கிறது. போன ஞாயிறு அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். சமையல் அவர். ஊரிலிருந்து அவர் அம்மாவும் வந்திருந்தார். கூடத்தில் தனியாக இருந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"அம்மா, அண்ணன் நிஜமாவே பிப்ரவரியா?"

"ஆகஸ்ட்தான். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்ப அண்ணி?"

"அவதான் பிப்ரவரி. அன்னைக்கு மத்தியானமே எனக்குப் போன் பண்ணிட்டா."

அம்மா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"இவன் அப்பாவுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை விடாம சமைச்சுப் போட்டவ தம்பி நான். மருமக கேட்டா. மாட்டேன்னு சொல்ல மனசு வரலை."