குர்பான் ஆட்டின் கால்

விடிந்தால் ஹஜ்ஜுப் பெருநாள். அறுத்துக் குர்பான் கொடுக்கவிருந்த ஆடு நின்ற சீமெந்து முற்றத்தில் இரத்தச் சொட்டுகள். மக்கீனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நொண்டி ஆடு குர்பானுக்குக் கூடாதே! மகள் சிபானா பிள்ளைப்பேற்றில் பிழைத்து வந்தால் கொடுப்பேன் என்று நிய்யத்து வைத்த ஆடு அது.

காலையில்தான் பழைய பலகைகளைப் பிடுங்கி அதற்கொரு கொட்டில் அடித்திருந்தார். ஆணி ஏதும் குத்திவிட்டதோ? நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்தார். சேறுதான் இருந்தது.

முற்றத்தைக் கழுவிவிட்டு மாமரத்தடியில் மாற்றிக் கட்டினார். அங்கேயும் சொட்டு. நடப்பதால்தான் கூடுகிறது என்று, பாவம் மனிதர், அதைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் பின்னால் கோடிக்குப் போனார். சொன்னால் நம்பமாட்டீர்கள், வழி நெடுகச் சிவப்பு.

மனைவி முனவ்வறாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஆட்ட உட்டுட்டு இண்டைக்காவது கிளினிக்குக்குப் போங்களன். ரெண்டு மாசமாப் போகல்ல."

"எனக்கென்ன? பதினாலு வருஷமா சீனி வருத்தம். கால் ஒரு நாளும் நொந்ததில்ல."

நீரிழிவுக்காரர்தான், ஆனாலும் இதைச் சொல்லும்போது அவருக்கு எப்போதும் ஒரு பெருமை.

அவளுடைய பழைய முந்தானையைக் கிழித்து ஆட்டின் நான்கு கால்களுக்கும் கட்டுப் போட்டார். ஆடு தடுக்கி விழுந்தது. வேறு வழியின்றி மிருக வைத்தியர் இன்ஸாபுக்குப் போன் எடுத்தார். காயம் எத்தனை நாள், ஆழமா, மணக்கிறதா என்று அவர் வரிசையாகக் கேட்டார். மக்கீன் ஆட்டின் கால் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"அமத்திப் பாருங்க. நோகுதா?"

அமத்தினார். ஆடு உதைத்தது.

"நோகுது டொக்டர்."

"அப்ப பயமில்ல. நோவு தெரியாத காயம்தான் பொல்லாதது. உள்ளுக்க அழுகினாலும் தெரியாது. பிந்தினாக் காலே போயிரும்."

"யா அல்லாஹ், கால் போனா எல்லாம் போச்சே. கெதியா வாங்க."

இன்ஸாப் மோட்டார் சைக்கிளில் வந்து கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கீறல்கூட இல்லை. முற்றத்திலிருந்து மாமரம், மாமரத்திலிருந்து கோடி என்று சொட்டுகளின் வழியே நடந்து பார்த்தார். திரும்பி வந்தவர் மக்கீனின் சாரனுக்குக் கீழே குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"ஆடு குர்பானுக்குக் கூடும், காக்கா. நீங்க அசையாம நில்லுங்க, உங்கட இடது செருப்புல ஆணி ஏறி நிக்குது."