ஐந்து பறக்கும் குதிரைகளும் என் வலது காலும்

பெல்பர்,
ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

பெருமதிப்புக்குரிய நெவில் அண்ணனுக்கு,

தம்பி டெரிக் பணிவான வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் சுகம். அங்கே உங்கள் புது இடுப்பு மூட்டும், அதற்கு நாள் முழுக்கப் பணிவிடை செய்துகொண்டிருக்கும் அண்ணியும் சுகமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். உங்களுக்கு அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். ஆகவே இக்கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்கவும். உட்காரக் கூடாதென்றால் படுத்துக்கொண்டு படிக்கவும்.

நேற்றைய பொம்மைப் போரில் நம் சங்கம் தோற்றுவிட்டது, அண்ணா. கேடயம் ரிப்ளிக்குப் போய்விட்டது. உங்கள் குள்ளர் படையை நான் ஒழுங்காக ஆடவில்லை என்று உங்கள் வாய் இந்நேரம் திட்ட ஆரம்பித்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள், நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று பொம்மைப் பெட்டியை என் மடியில் வைத்து நீங்கள் சொன்னதை நான் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "டெரிக்கு, படையைக் குன்று மேல நிறுத்து. அசையாத. மேபல் அத்தையை வெச்சு சுடு. எவன் வந்தாலும் முட்டிக்கிட்டு சாவான்." மேபல் அத்தை என்று நம் பீரங்கிக்கு நீங்கள் வைத்த பெயர் ரொம்பப் பொருத்தம், நம் அத்தை வாயைத் திறந்தாலும் அப்படித்தான் ஊர் காலியாகும். "பறக்கும் குதிரைப்படை வந்தா என்ன பண்றது?" என்று கேட்டேன். "அதுவாடா? பட்டாம்பூச்சி. ஒரு குண்டுக்குத் தாங்காது. அதை வெச்சு ஆடறவன் எல்லாம் பொம்மை அழகா இருக்குன்னு வாங்கினவன்" என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

தோற்றால் என்ன ஆகும் என்பதும் எனக்கு மறக்கவில்லை. தோற்ற சங்கத்தின் தலைவர், ஜெயித்தவர் சொல்லும் படைப்பிரிவுக்குத் தன் கையால் வர்ணம் அடித்து, ஒரு வருஷம் எல்லா ஆட்டத்திலும் அதை இறக்க வேண்டும் அல்லவா? போன வருஷம் ரிப்ளித் தலைவரை இளஞ்சிவப்புக் காளான் வீரர்களோடு ஆடவைத்து, ஒவ்வொரு வியாழனும் நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் நாம் ஆடும் சர்ச் கூடத்துக் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிரிப்பெல்லாம் திரும்பி உங்கள் மேலேயே விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே கவலை.

சனிக்கிழமை ரிப்ளியிலிருந்து வந்தது யார் தெரியுமா? மியூரியல்! அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு, வட்டத் தட்டி வைத்த நீளக் கம்பைப் பிடித்து வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை தாண்ட வைப்பாரே, அதே மியூரியல்தான். நான் பஸ் ஓட்டிய காலம் முழுக்கத் தினமும் காலையில் அவர் கம்பைக் கண்டு பிரேக் போட்டவன். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவில்லை என்று பொம்மைப் போரில் இறங்கிவிட்டாராம். "அட, நம்ம பஸ்காரத் தம்பியா! நல்லாருக்கியா ராசா?" என்றபடி பெட்டியைத் திறந்து நீல நிறத்தில் ஐந்து பறக்கும் குதிரைகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஈட்டியோடு ஒரு வீரன். பட்டாம்பூச்சிதானே என்று நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

முதல் முறையிலேயே அந்த ஐந்தும் காட்டைத் தாண்டி, என் கோடரிப் படையின் தலைக்கு மேலே பறந்து, குன்றுக்குப் பின்னால் போய் இறங்கின. அங்கே மேபல் அத்தையும் மூன்று கிழட்டுக் குள்ளர்களும் தவிர ஈ காக்கை இல்லை. அத்தையைக் காப்பாற்ற ஒரு படையை அப்படியே பின்பக்கம் திருப்பினேன், அத்தையையும் திருப்பினேன். திருப்பிய பீரங்கி அந்த முறை சுடக்கூடாது, உங்களுக்குத் தெரியாததா? அடுத்த முறை பார்த்தால் குதிரைகள் அங்கே இல்லை, இடது ஓரத்தில் நிற்கின்றன. மறுபடி திருப்பினேன். அதற்கடுத்த முறை வலது ஓரம். இப்படியே போனதில் அத்தை ஆட்டம் முடியும் வரை ஒரு குண்டுகூடச் சுடவில்லை, நம் குள்ளர்கள் பாதிப் பேர் கிழக்கே பார்த்தும் பாதிப் பேர் மேற்கே பார்த்தும் நின்றார்கள். நடுவில் அவருடைய நொண்டிக் காலாட்படை கேட்பாரில்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தது.

"ஏன் ராசா எல்லாரையும் திருப்பிக்கிட்டே இருக்க? தலை சுத்தாதா அவங்களுக்கு?" என்றார்.

"உங்க குதிரை பின்னால நிக்குதே!"

"நின்னா என்ன? அது பாட்டுக்கு நிக்குது."

அது பாட்டுக்கு நிற்கிறதாம்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். ஒரு தடவைகூட அவை பாயவில்லை, அண்ணா. எப்போது வேண்டுமானாலும் பாயலாம் என்று நின்றதோடு சரி. கடைசியில் நான் துணிந்து, உங்கள் இரும்புக் காவலர்கள் இருபது பேரையும் பாலத்தைப் பிடிக்கக் கிளப்பினேன். ஆட்டம் முடியும்போது பாலத்தில் நிற்பவருக்குத்தான் வெற்றி. உடனே அந்த ஐந்து குதிரைகளும் என் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றன. இருபதுக்கு ஐந்து. அடித்திருக்கலாம். தூரம் பார்க்க அளவு டேப்பைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பக்கம் மியூரியல் நிமிர்ந்து நின்று கையை லேசாகத் தூக்கினாரா, மேசைக்கு அடியில் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. நல்ல பிரேக் மிதி. நடுவர் கிரஹாம் பயந்துபோய், "என்னப்பா, கால் பிடிச்சிக்கிச்சா?" என்று கேட்டார். நான் நின்றுவிட்டேன், காவலர்களும் நின்றுவிட்டார்கள்.

அந்த நிமிஷம் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. புல்வெளிக்கு மேலே வல்லூறு ஒன்று அசையாமல் நிற்கும்போது கீழே எலி, முயல் எல்லாம் அடங்கிக் கிடக்குமே, அந்த மேசையும் அப்படித்தான் அடங்கிக் கிடந்தது. நாம் இத்தனை வருஷம் பறக்கும் குதிரை அடிப்பதற்கு என்று நினைத்திருந்தோம், அண்ணா. அடித்தால் அது ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு செத்துப்போகும். அடிக்காமல் இருக்கும்வரை அது எங்கும் இருக்கிறது. எங்கு வேண்டுமானாலும் வரக்கூடிய ஒன்றுக்காக நாம் எல்லா இடத்திலும் காவல் போட்டு, எந்த இடத்திலும் இல்லாமல் போகிறோம். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மேசையில் பார்ப்பேன் என்று நான் நினைக்கவேயில்லை.

கடைசி முறையில் கிரஹாம் தேநீர்த் தட்டோடு வந்தார். மியூரியல் குதிரைகளைத் தூக்கினார், எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே கொண்டுபோய்ப் பாலத்தின் மேல் வைத்தார். ஆட்டம் முடிந்தது. என்னை மன்னியுங்கள், நான் எழுந்து கை தட்டிவிட்டேன்.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். "நெவிலுக்கும் இதே மாதிரி அஞ்சு குதிரை. கலர் அவருக்குப் பிடிச்சதா அடிச்சுக்கட்டும், பாவம்" என்றார் மியூரியல். பெட்டி தனியாக வருகிறது. றெக்கைகளை நானே ஒட்டிவிட்டேன், படுத்துக்கொண்டே வர்ணம் அடிக்கலாம். அடிக்கும்போது மேலே எழுதிய பாடத்தை மனதில் வைத்து அடியுங்கள். இனி நம் சங்கமும் இப்படித்தான் ஆட வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் இடுப்பு சீக்கிரம் குணமாகி, பாயாவிட்டாலும் நிற்கவாவது ஆண்டவன் அருளட்டும்.

என்றும் உங்கள் சொல் கேட்க முயலும் தம்பி,
டெரிக் ஆல்சாப்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில், நான் விட்டுவந்த அளவு டேப்பைக் கொடுக்க மியூரியல் வந்தார். வல்லூறைப் பற்றி எழுதிய பகுதியைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். "அய்யோ ராசா, அந்தக் குதிரை எப்படிப் பாயணும்னே எனக்குத் தெரியாதே! விதிப் புத்தகத்துல அந்தப் பக்கத்துல டீ கொட்டி ஒட்டிக்கிச்சு. உங்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. அதான் எங்க இடம் காலியா இருக்கோ அங்க தூக்கித் தூக்கி வெச்சேன்" என்றார். கையைத் தூக்கினீங்களே என்றேன். கொட்டாவி வந்ததாம். பாலம்? "டீத் தட்டு வைக்க இடம் வேணாமா? அதான் குதிரைய எடுத்து அங்க வெச்சேன்." ஆகவே மேலே உள்ள பாடம் முழுவதையும் அடித்துவிடவும். நீங்கள் வீடு திரும்பியதும், பாயும் விதியைக் கற்றுக்கொள்ள உங்களிடம்தான் வரப்போகிறாராம். அண்ணா, உங்கள் புது இடுப்பின் மேல் ஆணை, சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.